பிடிக்காத கை பிரேக்

2023-ஆம் ஆண்டு நவராத்திரி முடிந்த ஞாயிற்றுக்கிழமை. பகல் 11 மணி இருக்கும். செம்பூரில் எங்கள் கட்டடத்து வாசலில் ஒரு கார் ஆளில்லாமல் பின்னோக்கி உருண்டது.

எங்கள் கட்டடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 2005 ஜூலை வெள்ளத்தில் கீழ்த்தளத்தில் இருந்த அத்தனை வண்டிகளும் மூழ்கின. பிறகு கட்டடத்தை இடித்துக் கட்டியபோது, கார் நிறுத்தும் தளத்தை நன்றாக உயர்த்திவிட்டார்கள். அதனால் கேட்டிலிருந்து மேலே ஏறும் பாதை நல்ல சரிவு. நான் டேப்பைப் பிடித்து அளந்து பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய 6-க்கு 1. போர்காட் மலைப்பாதையிலேயே ரயில் ஏறுவது 37-க்கு 1 என்ற சரிவில்தான். அதற்கே பின்னாலிருந்து தள்ள எஞ்சின்கள் வேண்டியிருக்கிறது என்பதை, புனே போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள்.

அந்தச் சரிவின் நடுவில் மூன்றாம் மாடிப் பையன் காரை நிறுத்தியிருந்தான். பையன் என்று பழக்கத்தில் சொல்கிறேன், வயது 42. கை பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கி, டிக்கியிலிருந்து துணியை எடுத்து, மூடியைச் சாத்தினான். 'டக்' என்று ஒரு சத்தம். வண்டி மெதுவாக நகர்ந்தது. பிறகு மெதுவாக இல்லை. சரிவின் அடியில் இரண்டு செங்கலை நட்டு வைத்துக் குழந்தைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்த நிமிஷம் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்கள். செங்கல் இரண்டும் பறந்தன. கேட் தூணில் மோதி வண்டி நின்றது. பம்பர் வளைந்ததோடு சரி.

செங்கல் கிடந்த இடத்தைப் பார்த்தவர்கள் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். மறுநாளே சொசைட்டி செயலாளரிடமிருந்து கடிதம்: 30 நாளைக்குள் வண்டியைச் சரிசெய்து காட்ட வேண்டும், இல்லையேல் வளாகத்திலிருந்து அகற்ற வேண்டும். அவர் மீது குறை சொல்ல மாட்டேன். ஆடிய குழந்தைகளில் ஒன்று அவருடைய பேத்தி.

அன்று மாலை பையனின் அம்மா, மாமி, எங்கள் வீட்டுக்கு வந்தார். "நீங்க ரயில்வேல பிரேக் பார்த்தவர்தானே? இதைக் கொஞ்சம் பாருங்களேன். அவர் போனப்புறம் இந்த வீட்ல அவர் ஞாபகமா இருக்கிறது இந்த வண்டிதான்" என்றார். நான் உடனே சரி என்று சொல்லவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

வண்டி, டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், மூன்றாம் மார்க், 1968-இல் செய்தது. மாமியின் கணவர் 1976-இல், ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி அதிகாரியிடமிருந்து வாங்கினார். இரண்டு பேர் மட்டுமே உட்காரலாம், கூரையை மடித்துவிடலாம். எஞ்சினைப் பார்க்க வேண்டுமென்றால் முன்பக்கம் முழுவதையும், மட்கார்டுகளோடு சேர்த்து, முதலை வாயைத் திறப்பதுபோல் முன்னோக்கித் தூக்க வேண்டும். பெயர் இரண்டாம் உலகப் போரின் புகழ்பெற்ற சண்டை விமானத்தின் பெயர். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரின் கேன்லி தொழிற்சாலையில் 3 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள்.

இதில் நமக்கு ஒரு சொந்தமும் உண்டு. ஸ்பிட்ஃபயரின் சேஸிஸ் வேறொன்றுமில்லை, ஹெரால்டு காரின் சேஸிஸைக் குறுக்கியதுதான். இரண்டுக்கும் உடல் வடிவம் கொடுத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. அதே ஹெரால்டுதான் 1961 முதல் சென்னையில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் உற்பத்தியானது. அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்று மூன்றே கார்கள் ஓடிய அந்தக் காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். நான்கு கதவு வைத்த ஹெரால்டை உலகத்திலேயே நம் நாட்டில்தான் செய்தார்கள். மும்பையில் ஸ்பிட்ஃபயருக்கு உதிரிப் பாகம் கிடைக்காதே என்று பையன் கவலைப்பட்டபோது, "உன் வண்டியோட சித்தப்பா வீடு சென்னையிலதான் இருக்கு, கவலைப்படாதே" என்று சொன்னேன்.

பிரேக் கதைக்கு வருகிறேன். இந்தக் கை பிரேக் நேற்று இன்று கெட்டதல்ல. அந்த மழைக்காலம் முழுவதும் நழுவிக்கொண்டே இருந்திருக்கிறது. பையன் மூன்று முறை மெக்கானிக்கிடம் கொண்டு போயிருக்கிறான். மூன்று முறையும் அவர் வண்டியை ஜாக்கியில் தூக்கி, கேபிளை இறுக்கி, "டைட் கர் தியா சாப்" என்று 500 ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் லீவர் இரண்டே பல்லில் விறைத்து நின்றது. கைக்கு அது நல்ல பிரேக் மாதிரி இருந்தது. சக்கரத்துக்கு அப்படி இல்லை.

நான் தயங்கிய காரணம் இதுதான். இதே தப்பை நானும் ஒரு முறை செய்திருக்கிறேன்.

டிப்ளமோ முடித்த கையோடு 1980-இல் ரயில்வேயில் அப்ரென்டிஸாகச் சேர்ந்தேன். அப்போது பெரும்பாலான வண்டிகளில் வேக்குவம் பிரேக். எஞ்சினைக் கழற்றிய பிறகு வேக்குவம் கொஞ்ச நேரத்தில் கசிந்து போய்விடும். பிறகு யார்டில் ஒரு வேகன் நின்ற இடத்தில் நிற்கிறது என்றால், அதன் கை பிரேக்கும் சக்கரத்தடியில் வைத்த கட்டையும்தான் காரணம். 1986-இல், ஊர் பெயர் வேண்டாம், 'கை பிரேக் தளர்வு' என்ற புகாரோடு ஒரு வேகன் என்னிடம் வந்தது. மாலை நேரம், மழை. பிரேக் கம்பியை ஒரு துளை குறுக்கி மாட்டச் சொன்னேன். லீவர் விறைப்பாக நின்றது. குனிந்து அடியில் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

அடியில் ஒரு பக்கத்துப் பிரேக் கட்டையைத் தாங்கும் பின் துருவேறி இறுகியிருந்தது. அந்தக் கட்டை சக்கரத்தைத் தொட்டும் தொடாமலும் நின்றது. நான் குறுக்கிய கம்பி, நகர்ந்த பக்கத்தை மட்டும் இறுக்கியது. லீவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ரயில் நிலைய யார்டுகளில் சரிவு 400-க்கு 1-ஐ மீறக்கூடாது என்பது விதி. பார்த்தால் சமதளம்தான். இரண்டு நாள் கழித்து இரவில் காற்றடித்தபோது அந்தச் சரிவே போதுமானதாக இருந்தது. மூன்று வேகன்கள் சேர்ந்து நகர்ந்தன. கப்ளிங் அருகே நின்றிருந்த கலாசி ஒருவர் முழுதாக விலகுவதற்குள் காலில் அடிபட்டது.

எனக்கு ஒரு வருட இன்கிரிமென்ட் நின்றது. அவர் ஏழு மாதம் கழித்து வேலைக்கு வந்தார், காலைச் சாய்த்துச் சாய்த்து. என்னைப் பார்க்கும்போதெல்லாம் முன்போலவே சலாம் வைத்தார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

2019-இல் ஓய்வு பெறும் வரை, அடியில் குனிந்து பார்க்காமல் எந்தப் பிரேக்குக்கும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. அதனால் மாமியிடம், "பார்க்கிறேன். ஆனால் நான் சரி என்று சொல்கிற வரை வண்டியைச் சரிவில் நிறுத்தக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஒத்துக்கொண்டேன்.

இந்தப் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மிச்சம் தானாகப் புரியும். பின் சக்கரம் ஒவ்வொன்றிலும் 7 அங்குல டிரம். அதற்குள் பிறை வடிவத்தில் இரண்டு ஷூ. அவற்றுக்கு நடுவே ஒரு சிறிய சிலிண்டர். இந்தச் சிலிண்டர் இறுக்கி முடுக்கப்பட்டதல்ல. பின்தகட்டில் ஒரு நீளத் துளையில் அது முன்னும் பின்னும் வழுக்க வேண்டும். கை பிரேக்கை இழுத்தால் கேபிள் ஒரு சின்ன லீவரை இழுக்கும். லீவரின் நுனி ஒரு ஷூவை வெளியே தள்ளும். தள்ளிய வேகத்துக்கு எதிர்வேகமாகச் சிலிண்டர் மறுபக்கம் வழுக்கி இன்னொரு ஷூவைத் தள்ளும். சாமர்த்தியமான அமைப்புத்தான். ஆனால் சிலிண்டர் வழுக்கினால்தான். துருவும் பழைய கிரீஸும் சேர்ந்து அதைத் துளையிலேயே பிடித்துக்கொண்டால், ஒரு ஷூ மட்டுமே வேலை செய்யும். மும்பை மழைக்காலத்துக் காற்றில், மாதத்துக்கு ஒரு நாள் ஓடும் வண்டிக்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மறு ஞாயிறு காலை ஏழு மணிக்கே ஆரம்பித்தோம். சமதளம். முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் மரக்கட்டை, கியரிலும் போட்டாயிற்று. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது. ஸ்டாண்டு வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். கேபிளை முழுதாகத் தளர்த்தினேன். பையனுக்கு இது புரியவில்லை. "இறுக்கத்தானே மாமா வேணும்?" என்றான். "முதல்ல நோய் எங்கேன்னு பார்ப்போம்" என்றேன்.

டிரம்மைக் கழற்றியதும், ஊதாதே என்று அவன் கையைப் பிடித்தேன். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். எங்கள் பட்டறையில் ஒரு காலத்தில் கம்ப்ரஸர் காற்றால் ஊதித்தான் தூசி தட்டினோம். அந்தத் தூசி நுரையீரலுக்கு என்ன செய்யும் என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். ஈரத்துணியால் துடைத்து, துணியை உறையில் கட்டிப் போட வேண்டும்.

இடது சக்கரத்தில் நினைத்தது நினைத்தபடியே இருந்தது. சிலிண்டர் அசையவில்லை, மரச்சுத்தியால் தட்டியும் அசையவில்லை. வலது சக்கரத்தில் சிலிண்டர் வழுக்கியது. ஆனால் லைனிங் கண்ணாடிபோல் பளபளத்தது. கேபிளை மூன்று முறை இறுக்கியதன் பலன் அது. இறுக்கம் முழுவதும் நகரக்கூடிய வலது பக்கத்துக்கே போயிருக்கிறது. கை பிரேக்கை விட்ட பிறகும் அந்த ஷூக்கள் டிரம்மை விட்டு முழுதாக விலகவில்லை. உரசி உரசிச் சூடேறிப் பளபளத்துவிட்டன. "வலது சக்கரம் கொதிக்குமா?" என்று கேட்டேன். "ஆமா மாமா, தீஞ்ச வாசனைகூட வரும். கிளட்ச்னு நினைச்சேன்" என்றான். இடது பக்கம் பாதிப் பிடி, வலது பக்கம் வழுக்கும் பிடி. கையிலோ இரும்புப் பிடி.

இடது சிலிண்டரைக் கழற்ற பிரேக் எண்ணெய்க் குழாயையும் பிரிக்க வேண்டியிருந்தது. பிரித்தால் பிறகு காற்றெடுக்க வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டுத்தான் பலர் கேபிளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். துளையின் ஓரங்களைக் கம்பிப் பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் உலோகம் தெரியும் வரை தேய்த்தோம். பிரேக்குக்கென்று விற்கும் கிரீஸை மெல்லிசாகத் தடவினோம். இதில் தாராளம் கூடாது. ஒரு துளி லைனிங்கில் பட்டாலும் வேலை கெட்டது. விரலால் தள்ளினால் சிலிண்டர் போய்வர வேண்டும். அதுதான் அளவு.

சிலிண்டரைப் பிடித்திருக்கும் பட்டைக் கிளிப்புகள் துருவில் பொடிந்துவிட்டன. சோர் பஜாரில் அரை நாள் அலைந்தும் கிடைக்கவில்லை. சென்னையிலிருக்கும் என் மைத்துனருக்குப் படம் அனுப்பினேன். அவர் புதுப்பேட்டையில் மூன்று கடை ஏறி இறங்கி, ஹெரால்டின் கிளிப்புகள் இரண்டு செட்டும், பழுப்பேறிய காகிதப் பொட்டலத்தில் தூசி ரப்பர் ஒன்றும் வாங்கி அனுப்பினார். கிளிப் பொருந்தியது. ஆனால் ஹெரால்டு பாகம் எல்லாமே அப்படியே பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். சிலிண்டரின் உள்விட்டத்தை அளந்து பார்க்காமல் மாற்றவே கூடாது. ஷூக்கள் நான்குக்கும் குர்லாவில் புது லைனிங் ஒட்டி வாங்கினோம். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

இனி சரிப்படுத்தும் வரிசை. என் அனுபவத்தில் பாதிப் பேர் தவறுவது இங்கேதான். கேபிள் கழன்றே இருக்கட்டும். பின்தகட்டில் சதுரத் தலையோடு ஒரு அட்ஜஸ்டர் இருக்கும். வலப்பக்கம் திருகினால் ஷூக்கள் விரியும். சக்கரம் சுற்றாமல் நிற்கும் வரை திருகி, பிறகு ஒரே ஒரு 'கிளிக்' பின்னால் விட வேண்டும். சக்கரம் லேசாகச் சுற்ற வேண்டும். இரு பக்கமும் இது முடிந்த பிறகுதான் கேபிளைத் தொடலாம். ஷூக்கள் சரியாக இருந்தால் கேபிளில் செய்ய வேண்டியது சொற்பமே.

இன்னொன்று. இந்த வண்டியின் பின்பக்கம் குறுக்குவாட்டில் ஒரே பட்டை ஸ்பிரிங் கட்டு. சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே இறக்கைபோல் ஏறி இறங்கும். ஜாக்கியில் தூக்கினால் சக்கரம் கீழே தொங்கும். தொங்கும்போது கேபிள் இறுகியது, இறக்கினால் தளர்ந்தது. மெக்கானிக் வண்டியைத் தொங்கவிட்டுத்தான் கேபிளை அளந்திருக்கிறார்! என்னிடம் பழைய ஸ்லீப்பர்க் கட்டைத் துண்டுகள் இருந்தன. பின் சக்கரங்களை அவற்றின் மேல் ஏற்றி நிறுத்தினோம். வண்டியின் பாரம் சக்கரத்தின் மேலேயே இருந்தது, அடியில் கை போகவும் இடம் கிடைத்தது. கேபிளின் இரு நுனியிலும் உள்ள கவைகளைச் சமமாகத் திருகி அளவு வைத்தோம். கவைகளின் பின்கள் எல்லாம் தேய்ந்து ஆடின. ஒவ்வொன்றிலும் தலைமுடியளவு ஆட்டம்தான். ஆனால் வரிசையாக நாலைந்து பின் என்றால், கையிலே அது இரண்டு பல் வீண். கையில் அதிகமும் சக்கரத்தில் குறைவுமாக இருக்கிற எந்த அமைப்பிலும் இந்தக் கணக்கு இப்படித்தான். பின்களைப் புதிதாகப் போட்டு, சேஸிஸில் உள்ள இடை லீவரின் சுழலிடத்துக்கும் கிரீஸ் வைத்தோம். 'டக்' என்று அன்று நழுவியது லீவர் அடியிலிருந்த கொக்கி. அதன் நுனி மழுங்கியிருந்தது. அரம் வைத்துக் கூராக்கினேன், பற்களில் தேய்வு இல்லை.

இப்போது லீவர் ஐந்தாம் பல்லில் நின்றது. பையனுக்கு முகம் விழுந்தது. "முன்னே ரெண்டு பல்லுல நின்னுச்சே மாமா?" அதற்காக ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். வண்டி சுமார் 710 கிலோ. 6-க்கு 1 சரிவில் அதைக் கீழே இழுக்கும் விசை ஏறக்குறைய 117 கிலோ, சக்கரத்துக்கு 58. டயர் பெரிது, டிரம் சிறிது. ஆகவே ஒவ்வொரு டிரம்மின் விளிம்பிலும் சுமார் 190 கிலோ உராய்வுப் பிடி வேண்டும். நான்கு ஷூவும் பங்கு போட்டால் அது பெரிய காரியமில்லை. ஒன்றரை ஷூ மட்டும் சுமந்தால்? அன்று செங்கல் பறந்ததே, அதுதான் விடை. லீவர் எத்தனையாவது பல்லில் நிற்கிறது என்பது இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை.

28-ஆம் நாள் மாலை சரிவில் சோதனை. கீழே வாசலை அடைத்து, குழந்தைகளை எல்லாம் மாடிக்கு அனுப்பிவிட்டோம். நடுச் சரிவில் மூக்கு மேலே பார்க்க நிறுத்தினான். கியர் நியூட்ரல். நான் பின் சக்கரத்துக்கு ஒரு சாண் பின்னால் கட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். "காலை எடு" என்றேன். நின்றது. டிக்கியை நாலு முறை அடித்துச் சாத்தச் சொன்னேன். நின்றது. அரை மணி நேரம் அப்படியே விட்டோம். பிறகு வண்டியைத் திருப்பி, மூக்கு கீழே பார்க்க. அப்போது பாரம் முன்பக்கம் சாய்ந்து பின் சக்கரங்களின் பிடி குறையும். கை பிரேக் பின் சக்கரத்தில் மட்டும் இருக்கிற வண்டிக்கு அதுதான் கடினமான பரீட்சை. நின்றது. கை பிரேக்கை விட்டதும் இரு சக்கரமும் உரசாமல் சுற்றின. அதையும் பார்க்க வேண்டும், பலர் பார்ப்பதில்லை.

மாமி மேலே ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் கட்டையை எடுக்கச் சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் பம்பரைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தார். பிறகு கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். எனக்கு அவர்மீது மரியாதை கூடியது. கையெழுத்துப் போடுவதற்கு முன் அவரும் குனிந்து பார்த்தார்.

அதன்பின் இரண்டு மழைக்காலம் போயிற்று. ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் டிரம்மைக் கழற்றிச் சிலிண்டரை விரலால் தள்ளிப் பார்க்கிறோம். லீவர் ஐந்தாம் பல்லிலேயே நிற்கிறது. சரிவில் நிறுத்தினால் கியரில் போடுவதும், சக்கரத்துக்குக் கட்டை வைப்பதும் பையனுக்குப் பழகிவிட்டது. மூன்றாவது முறை சொன்னபோது கொஞ்சம் முறைத்தான், நான் கண்டுகொள்ளவில்லை.

தூசி ரப்பர் ஒன்றுதான் புதுப்பேட்டையில் கிடைத்தது. வலது சக்கரத்தில் இன்னும் பழைய கிழிசல் ரப்பரே இருக்கிறது. அதன் வழியாகத்தான் அடுத்த துரு உள்ளே வரும். நம் சங்க உறுப்பினர்களில் யாருடைய வீட்டிலாவது, அப்பா காலத்து ஹெரால்டின் பின்சக்கரத் தூசி ரப்பர் பரணில் கிடந்தால், தயவுசெய்து சங்க அலுவலகத்தில் சொல்லிவையுங்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். உங்களிடம் வண்டியே இருந்தால் இன்னும் நல்லது. ஞாயிறு காலை எனக்கு வேலை ஒன்றும் இல்லை.